குறைந்தது கேஸ் அல்ல, காற்று!

“ஓடுனா ஜில்லுன்னு இருக்கும்மா. ஜாம்ல நின்னா சூடா வருது.”

அப்பா இதைத் தொலைபேசியில் என்னிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பார். நானும் “கேஸ் போட்டீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பேன். வானொலியில் நேயர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் என் வேலை. அப்பா சொன்னதை மட்டும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு வயது 66. காப்பாரில் ஒரு துண்டு நிலத்தில் வெண்டையும் கத்தரியும் பயிரிடுகிறார். வாரத்தில் நான்கு நாள், பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கிள்ளானில் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, வெக்கையில் அடைந்து உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. அதனால் அந்த வண்டியின் ஏர்கோன் எங்களுக்கு வெறும் சொகுசு இல்லை.

நான்கு மாதத்தில் மூன்று முறை கேஸ் நிரப்பியாயிற்று. நான்காவது முறை போனபோது, “கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 1,800 வெள்ளி ஆகும்” என்றார்கள். அன்றிரவு அப்பா, “வண்டிய வித்துடறேன்மா. தோட்டத்தையும் யாருக்காவது விட்டுடலாம்” என்றார். அவர் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. மறுவாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, உறவினர் ஒருவர் சொன்ன இன்னொரு பட்டறைக்கு அவரை அழைத்துப் போனேன்.

அங்கிருந்த அண்ணன் கேஸ் தோம்பைத் தொடவே இல்லை. “ஐயா, எப்ப சூடா வருது? ஓடும்போதா, நிக்கும்போதா?” என்று கேட்டார். அப்பா அதே பதிலைச் சொன்னார். “அப்போ பாதி வேலை முடிஞ்சது” என்றபடி அவர் பானெட்டைத் திறந்தார்.

அவர் விளக்கியது இதுதான். ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் சூட்டை வாங்கும் கேஸைக் கம்ப்ரசர் அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே காற்று பட்டால்தான் சூடு வெளியேறி கேஸ் திரவமாகும். வண்டி ஓடினால் காற்று தானாக மோதும். நின்றால் விசிறிதான் காற்றைத் தர வேண்டும்.

வண்டியை நிறுத்தி வைத்தே, ஏர்கோனை முழு வேகத்தில் விட்டார். கண்டென்சருக்கு முன்னால் இருந்த மின்விசிறி அசையவே இல்லை. தகடுகளின் இடுக்கெல்லாம் தோட்டத்துச் செம்மண் அப்பிக் கிடந்தது. அழுத்தமானியை மாட்டினார். இந்த வெயிலுக்கு உயரழுத்தப் பக்கம் 200, 225 பிஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டுமாம். முள்ளோ 350ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் ‘டக்’ என்று கம்ப்ரசர் நின்றது.

“கெட்டுப்போகல தங்கச்சி. அழுத்தம் ரொம்ப ஏறுனா குழாய் வெடிக்காம இருக்க ஒரு சுவிட்ச் அதை நிறுத்திடும்” என்றார். பிறகு கண்டென்சர் மீது தண்ணீரைப் பீய்ச்சினார். முள் இறங்கியது. கம்ப்ரசர் மீண்டும் ஓடியது. உள்ளே உட்கார்ந்திருந்த அப்பா, “வருது, வருது!” என்று கத்தினார்.

இருந்த கேஸோடு மேலும் மேலும் நிரப்பியதால் அழுத்தம் கூடி, நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் சரியானதுபோல் தெரிந்தது எப்படி? கேஸ் போட்டதும் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஓட்டினால் அது எப்போதுமே குளிரத்தானே செய்தது!

விசிறி மோட்டாரை மாற்றினார். கண்டென்சரைக் கழுவினார். பழைய கேஸைக் காற்றில் விடாமல் கருவியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த வில்லையில் எழுதியிருந்த கிராம் அளவுக்கு நிறுத்து நிரப்பினார். மொத்தச் செலவு 390 வெள்ளி. காற்றில் விடாததற்கும் காரணம் உண்டு. பல வண்டிகளில் உள்ள ஆர்134ஏ கேஸ், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேல் வலியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன.

நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: ஏர்கோன் கேஸ் பெட்ரோல்போல் எரிந்து தீர்வதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான்.

பட்டறைக்குப் போகும் முன் வண்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடானால், முதலில் கண்டென்சர் விசிறியைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று குளிர்ச்சியாகவும் மிகக் குறைவாகவும் வந்தால், கேபின் பில்டரில் தூசு அடைத்திருக்கலாம். நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்று குறைந்து, சற்று அணைத்து வைத்தால் மீண்டும் வருகிறதா? உள்ளே பனி உறைகிறது. கால்மாட்டில் தண்ணீர் சொட்டினால், வடிகுழாய் அடைத்திருக்கும். இதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்தம் நிறைந்த குழாய்களை நீங்களே கழற்ற வேண்டாம். பீறிடும் கேஸ் கண்ணையும் தோலையும் உறைய வைத்துவிடும்.

திரும்பும் வழியில் கிள்ளானில் வழக்கமான ஜாம். அப்பா கண்ணாடியை இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த வாரம் பயத்தங்கா நடலாம்னு இருக்கேன்” என்றார். இந்த முறை நான் வேறு பேச்சுக்குப் போகவில்லை. “எத்தனை வரிசைப்பா?” என்று கேட்டேன்.