குதிரையைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை, "நான் குதிரைகளோடு வேலை செய்யப் போகிறேன்" என்று சொன்னால் எமது வீடுகளில் என்ன மறுமொழி கிடைக்கும்? பெரும்பாலும் சிரிப்புத்தான். காணியை விட்டு, மாடுகளைக் கட்டை அவிழ்த்துவிட்டு, உடுத்த துணியோடு வெளியேறிய குடும்பங்களுக்குக் குதிரை பணக்காரரின் விளையாட்டாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆயினும் சிரித்துத் தள்ளிவிடுமுன் அந்த ஆசையைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

நெடுந்தீவு கேட்கும் கேள்விகள்

குதிரை எமக்கு அந்நியமான மிருகம் அன்று. குறிகாட்டுவானிலிருந்து படகேறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவை அடையலாம். அங்கே மட்டக்குதிரைகள் இன்றும் கூட்டமாக மேய்கின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை இவை என்பர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அங்கு குதிரைகளை வளர்த்தனர். அவர்களுடைய லாயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம். பின்னர் குதிரைகளின் தேவை குறைந்தது. கவனிப்பாரற்று விடப்பட்டவை தாமாகவே பெருகின.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் பிரகடனம் தண்ணீர் தராது. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது. கடும் வறட்சிக் காலங்களில் குதிரைகள் மடிந்துள்ளன. அங்குள்ள புல் எத்தனை குதிரைகளுக்குப் போதும்? அதே புல்லை நம்பியிருக்கும் மாடுகளின் நிலை என்ன? தண்ணீர்த் தொட்டிகளை எங்கே வைப்பது? இரக்கம் மட்டும் இவற்றுக்கு விடை தராது. தீனி, இனவிருத்தி, நோய், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைக் கற்றவரே விடை காண வேண்டும். இக்கல்வியே விலங்கு விஞ்ஞானம்.

இரண்டு பாதைகள்

பெற்றோர் பலர் இரு பாதைகளை ஒன்றெனக் கருதுகின்றனர். மிருக வைத்தியர் நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பவர், சத்திரசிகிச்சை செய்பவர். இலங்கையில் அப்பட்டத்தை வழங்குவது பேராதனைப் பல்கலைக்கழகம் மட்டுமே. படிப்பு 5 வருடங்கள். விலங்கு விஞ்ஞானம் படித்தவர் மிருகத்தின் உணவு, வளர்ப்பு, இனவிருத்தி, பண்ணை நிருவாகம் ஆகியவற்றில் தேர்ந்தவர். ஆனால் மிருக வைத்தியர் அல்லர். இத்துறை எமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்திலேயே உண்டு. படிப்பு 4 வருடங்கள். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய அப்பீடமும் எம்மைப் போலவே போரினால் இடம்பெயர்ந்தது. யாழ்ப்பாணத்தில் தங்கிக் கற்பித்து, போர் முடிந்தபின் கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது.

இரண்டு பாதைகளுக்கும் உயர்தர விஞ்ஞானப் பாடங்களும் போதிய இசட் புள்ளியும் வேண்டும். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் கால்நடை வளர்ப்பு டிப்ளோமாவைப் பற்றி விசாரிக்கலாம்.

மாட்டின் வழியாகக் குதிரைக்கு

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இங்கே பாடத்தின் பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி பற்றியதே. அது நட்டமல்ல. ஒன்றைச் சரியாகக் கற்றவருக்கே மற்றதன் வேறுபாடு விளங்கும். மாட்டுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை; உண்டதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் சிறியது. புல்லின் நார் பின்குடலிலேயே நொதிக்கிறது. ஆகவே குதிரை சிறிது சிறிதாக நாள் முழுவதும் மேய வேண்டும். தீனியைத் திடீரென மாற்றினால் கடும் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றுவலி உயிரையே கொண்டுபோகலாம். பசு ஏறத்தாழ 9 மாதம் சினை சுமக்கும். குதிரை ஏறத்தாழ 11 மாதம்.

தொழில் எங்கே?

இலங்கையில் குதிரைத் தொழில் சிறியது. நுவரெலியாவில் பந்தயத் திடலும் சவாரிக் குதிரைகளும் உண்டு. கொழும்பில் பொலிஸ் குதிரைப் பிரிவு உண்டு. இவற்றில் கிடைக்கும் இடங்கள் சில மட்டுமே. இந்தியாவில் குதிரை ஆராய்ச்சிக்கென்றே அரியானா மாநிலம் ஹிசாரில் ஒரு தேசிய நிலையம் இயங்குகிறது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட், அமெரிக்காவின் கென்டக்கி போன்ற இடங்களில் குதிரை வளர்ப்பு பெருந்தொழில். அங்கே பட்டத்தோடு கைப்பழக்கத்தையும் எதிர்பார்ப்பார்கள்.

ஆகவே குதிரையை மட்டும் நம்பி இறங்குவது புத்தியன்று. விலங்கு விஞ்ஞானத்தை நம்பி இறங்கலாம். குதிரை கிடைக்காவிட்டாலும் பாற்பண்ணை, தீவனத் தொழில், கால்நடைத் திணைக்களம், ஆராய்ச்சி, ஆசிரியப்பணி ஆகியன உண்டு. மீள்குடியேறிய கிராமங்களில் மீண்டும் பட்டி கட்டும் குடும்பங்களுக்கு அருகிலிருந்து ஆலோசனை சொல்ல ஆள் தேவை.

இப்போதே செய்யக்கூடியவை

பிள்ளை உயர்தரத்தில் இரசாயனவியலை அலட்சியம் செய்யாதிருக்கட்டும். தீனியின் கணக்கெல்லாம் அதில்தான் தங்கியுள்ளது. ஆங்கிலம் பழகட்டும்; விரிவுரைகளும் நூல்களும் பெரும்பாலும் அம்மொழியிலேயே உள்ளன. வீட்டில் ஓர் ஆடு நின்றாலும் அதன் எடை, தீனி, சினைத் திகதி, குட்டிகளின் வளர்ச்சி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவரட்டும். அயலிலுள்ள மிருக வைத்தியர் பணிமனைக்குச் சென்று, வேலையைப் பார்க்க அனுமதி கேட்கட்டும். சாணமும் இரத்தமும் பிடிக்காத பிள்ளைக்கு அது அங்கேயே தெரிந்துவிடும். பிடித்துவிட்டால் பெற்றோர் தடுக்கத் தேவையில்லை.

பட்டியை இழந்த குடும்பத்திலிருந்து பட்டிகளைக் காக்கத் தெரிந்த ஒருவர் வருவது சிறிய காரியமல்ல. நெடுந்தீவின் குதிரைகளுக்கும் அப்படியொருவர் தேவை.