பேத்திக்கு எந்த ஊசி?

‘புற்றுநோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே, பதினோரு வயதுப் பேத்திக்குப் போட்டுவிடலாமா?’ என்று சேலத்திலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். குழப்பம் அவருடையதல்ல, ‘தடுப்பூசி’ என்ற சொல்லுடையது. அவர் கேள்விப்பட்ட ஊசி எதையும் தடுப்பதற்கில்லை. நோய் வந்தவருக்கு, அவருடைய புற்றணுக்களைக் கொண்டே, அவர் ஒருவருக்காக மட்டும் தயாராவது.

நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே புற்றணுவைத் தேடும்படி மாற்றிச் செலுத்தும், ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையோடு இந்த ஊசியைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். கார்-டி செல்கள் புற்றணுவைப் பெரும்பாலும் ஒரே அடையாளத்தை வைத்துத்தான் பிடிக்கின்றன. எங்கள் குடியிருப்புக் காவலாளி, திருடனின் சிவப்புச் சட்டையை நன்றாக நினைவில் வைத்திருந்தார். அவன் நீலச் சட்டையில் வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டார். கார்-டி செல்கள் அடையாளமாகத் தேடும் சிடி19 புரதத்தை உதறிவிட்ட புற்றணுவும் அப்படித்தான் தப்புகிறது. பல அடையாளங்களைக் கற்றுத்தர ஒரு வாத்தியார் வேண்டும்.

அந்த வாத்தியார், எதிரியின் அடையாளங்களை மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரைட்டிக் செல். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் டேவிட் அவிகன் குழுவினர் இந்தச் செல்லையும் நோயாளியின் புற்றணுவையும் ஒன்றாகவே ஒட்டிவிடுகிறார்கள். பசை எது தெரியுமா? பாலிஎத்திலீன் கிளைக்கால். போன வருடம் கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் எனக்கு லிட்டர் கணக்கில் குடிக்கக் கொடுத்த பேதி மருந்தேதான்! விடிய விடிய அதைச் சபித்திருக்கிறேன். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம். குடலில் அது பேதியாகிறது. இரண்டு செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை இழுத்துக்கொண்டால் சவ்வுகள் நெருங்கி, ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள்போல ஒன்றாகிவிடுகின்றன. குற்றவாளியின் அத்தனை அங்க அடையாளங்களும் இப்போது வாத்தியார் உடம்பிலேயே. கதிர்வீச்சு காட்டி, பெருகாமல் செய்து, ஊசியாகப் போடுகிறார்கள்.

கீமோவில் லுகேமியா அடங்கிய 17 பேருக்கு இந்த ஊசியை மட்டும் போட்டுப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தாண்டுக் கண்காணிப்பில் 71 சதவீதத்தினருக்கு நோய் திரும்பவில்லை. சிறு எண்ணிக்கை, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. துள்ளிக் குதிக்க வேண்டாம். கார்-டியோடு சேர்க்கும் வேலை பெரும்பாலும் எலிகளிடம்தான் நடக்கிறது.

வாட்ஸப்பில் வராத ஊசிக்குத்தான் நம்மிடம் மதிப்பில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்மையிலேயே தடுக்கும் ஹெச்பிவி ஊசி 2006 முதல் உலகில் இருக்கிறது. இந்தியத் தயாரிப்பான செர்வாவாக் 2023இல் வந்தது. எத்தனை வீடுகளில் பேச்சாவது எடுத்தோம்?

பாட்டியம்மா, பதினோரு வயது அதற்குச் சரியான வயது. ஆறு மாத இடைவெளியில் இரண்டே ஊசி. இந்த வாரமே பேத்தியைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.