ஒரு நிலம், பல காட்சிகள்
(தரவுத்தளத்தில் ‘வியூ’ என்னும் அமைப்பு)

கணக்கெழுதும் கலை தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. ஆலங்குளம் வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கும் எக்குடும்பத்தாரும் சிட்டா, அடங்கல் என்னும் இரு சொற்களை அறிவர். கிராமக் கணக்குகளுள் பத்தாம் எண்ணுடைய சிட்டா, ஒருவர் பெயரில் எந்தெந்தப் புல எண்களில் எவ்வளவு நிலம் உள்ளது என்பதைப் பட்டாதாரர் வாரியாகக் கூறுவது. இரண்டாம் எண்ணுடைய அடங்கல், ஒவ்வொரு புலத்திலும் அந்தப் பசலியில் என்ன பயிர் விளைந்தது என்பதைப் புல வாரியாகக் கூறுவது. நிலம் ஒன்றே, அதனைக் காணும் கோணங்களே இரண்டு. கணிப்பொறித் தரவுத்தளத்தில் ‘வியூ’ என வழங்கும் காட்சியை விளங்கிக்கொள்ள இதனினும் எளிய வாயில் நமக்கு வேறில்லை.

ஏட்டுக் கணக்கின் இடர்ப்பாடு

கையால் எழுதிய ஏடுகளில் ஒரே செய்தி இரண்டு இடங்களில் இடம்பெற்றது. தந்தையின் நிலம் மக்களிடையே பிரியும்போது ஓர் ஏட்டில் பெயர் மாறி, மற்றோர் ஏட்டில் மாறாது நின்றுவிட்டால் இரண்டும் முரண்படும். பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் சான்று கேட்கப்படுகிறது. முரண்பட்ட ஏட்டால் அல்லற்படுவது ஏட்டை எழுதியவர் அல்லர், உழுதவரே ஆவார். ஆதலின் ஏடுகள் ஒத்திருப்பது என்பது வாழ்வாதாரச் சிக்கல் எனலாம்.

காட்சி என்பது யாது?

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970இல் வெளியிட்டார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவரும் 1974இல் அதற்கென ஒரு வினவல் மொழியை அமைத்தனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்று, 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயத்தையும் எய்தியது.

கிராமக் கணக்கை இம்முறையில் அமைப்பதாகக் கொள்வோம். புலங்களுக்கு ஓர் அட்டவணை, பட்டாதாரர்களுக்கு ஓர் அட்டவணை, எப்புலம் யாருக்குரியது என்பதற்கு ஓர் அட்டவணை, பசலிதோறும் பயிருக்கு ஓர் அட்டவணை என நான்கு போதும். ஒவ்வொரு செய்தியும் ஒரே இடத்தில் ஒருமுறை மட்டுமே எழுதப்படும். பின்னர் ‘கிரியேட் வியூ’ என்னும் கட்டளையால் சிட்டா என்றொரு காட்சியையும் அடங்கல் என்றொரு காட்சியையும் உருவாக்கலாம். இவற்றுள் தரவு ஏதும் சேமிக்கப்படுவதில்லை. இன்னின்ன அட்டவணைகளை இவ்வாறு இணைத்து இன்னின்ன பத்திகளை எடுத்துக் காட்டுக என்னும் வினவல் மட்டுமே சேமிக்கப்படுகிறது. நாம் சிட்டாவைக் கேட்கும் அக்கணத்தில் வினவல் இயங்கி, மூல அட்டவணைகளிலிருந்து விடையைத் தொகுத்துத் தருகிறது. மூலத்தில் ஒரு பெயரைத் திருத்தினால் இரு காட்சிகளும் ஒருங்கே திருந்திவிடும். முரண்படுவதற்கு அங்கே இரண்டாம் பிரதியே இல்லை.

2019ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஆலங்குளம் வட்டம் புதிய மாவட்டத்தைச் சார்ந்தது. ஒரு பிடி மண்ணும் இடம் பெயரவில்லை. முகவரி மட்டுமே மாறியது. எவ்வட்டம் எம்மாவட்டத்தது என்பதை ஓர் அட்டவணையில் தனியே வைத்திருந்தால், ஆலங்குளம் என்னும் ஒரே வரியைத் திருத்துவது போதும். அதைச் சார்ந்த காட்சிகள் அனைத்தும் புதிய மாவட்டப் பெயரையே காட்டும்.

காப்பும் வரம்பும்

காட்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. மூல அட்டவணையைத் திறந்துவிடாமல், உரியவருக்கு உரியதை மட்டும் காட்டலாம். ஆலங்குளம் அலுவலருக்கு அவ்வட்டத்து வரிகளை மட்டும், பொதுமக்களுக்குத் தொலைபேசி எண் முதலிய தனிச் செய்திகள் நீக்கிய பத்திகளை மட்டும் காட்டும்படி அனுமதி வழங்க இயலும்.

ஆயினும் காட்சியின் வழியே மூலத்தைத் திருத்துவது எப்போதும் இயலாது. ஒருவரது மொத்த நிலம் 2 ஹெக்டேர் எனக் கூட்டிக் காட்டும் காட்சியில், அதனை 3 எனத் திருத்த முயல்வோமாயின், கூடிய ஒரு ஹெக்டேரை எப்புலத்தில் சேர்ப்பது? கணிப்பொறி அதனை அறியாது, ஆதலால் மறுத்துவிடும். ஒரே அட்டவணையிலிருந்து கூட்டலின்றி எடுத்த எளிய காட்சிகளில் திருத்தம் பெரும்பாலும் இயலும். அங்கும், ஆலங்குளம் காட்சிக்குள் நின்று ஒரு வரியை வேறு வட்டத்திற்கு மாற்றிவிடாதபடி ‘செக் ஆப்ஷன்’ என்னும் காவல் உண்டு.

ஒவ்வொரு முறையும் வினவல் இயங்குவதால் பேரளவுத் தரவில் காலம் நீளலாம். அதற்காக விடையையே சேமித்து வைக்கும் ‘மெட்டீரியலைஸ்டு வியூ’ என்னும் வகை ஆரக்கிளிலும், 2013 முதல் போஸ்ட்கிரெஸிலும் உள்ளது. விரைவு கிட்டும், ஆனால் புதுப்பிக்கத் தவறினால் பழைய ஏட்டின் முரண்பாடு மீண்டும் தலைகாட்டும். விரைவு வேண்டுமிடத்தில் மட்டுமே இதனைக் கையாள்வது அறிவுடைமை.

கணிப்பொறி பயிலும் மாணவர்கள் காட்சியை வெறும் தேர்வு வினாவாகக் கருதலாகாது. மூலத்தை ஒன்றாக வைத்துக் காண்பதைப் பலவாக்கும் இந்நெறியை அவர்கள் செம்மையாகக் கையாண்டால், நாளை ஓர் உழவர் தம் நிலம் தம்முடையதே என நிறுவ அலுவலகந்தோறும் அலைய வேண்டியிராது.