நீர்க்கரைசல்களில் இரசாயன வினை நிகழுமா என முன்னறிதல்

இரு கரைசல்களை ஒன்றுசேர்த்தால் வினை நிகழுமா, நிகழாதா என்பதைக் கலந்து பார்க்கு முன்னரே பெரும்பாலும் கூறிவிடலாம். கறியுப்புக் கரைசலையும் வெடியுப்புக் கரைசலையும் கலந்தால், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, நைட்ரேட் ஆகிய அயனிகள் நான்கும் முன்போலவே நீரில் உலவுகின்றன. ஆகவே அங்கு வினை ஏதுமில்லை. அயனிகளுட் சில கூடிக் கரையாப் பொருளாகவோ, வாயுவாகவோ, நீரைப் போன்று எளிதிற் பிரியாத மூலக்கூறாகவோ மாறுமாயின் வினை நிகழும். அம்மோனியம் சல்பேட் உரத்துடன் சுண்ணாம்பைக் கலக்கலாகாது என்பதும் இதனாலேயே. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகி வெளியேறிவிடும். ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தின் அயனிக்கு எலெக்ட்ரான்களை வழங்குவது வேறொரு வகை வினையாகும்.

இவ்விரு வகைகளையும் ஒருங்கே காட்டுவது போர்டோ கலவை. பிரான்சு நாட்டில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு இது பயன்படுவதை மில்லார்தே என்னும் அறிஞர் 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் நாட்டின் மேற்குக் கரையில் மழைக்காலத்திற் பாக்குக் காய்களை அழுகச் செய்யும் நோய்க்கும் இதுவே தெளிக்கப்படுகிறது. நூற்றுக்கு ஒரு பங்குக் கலவைக்கு, 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி மற்றொரு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, பின்னர் ஒன்றுசேர்ப்பர். செம்பு அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்த பொருள் நீரிற் கரையாதாகையால், நீல வீழ்படிவு தோன்றும் என்பது முன்னரே தெளிவு. (கிடைப்பது தூய ஹைட்ராக்சைடு அன்று, சல்பேட்டும் ஓரளவு அதனுடன் பிணைந்திருக்கும்.)

சுண்ணாம்பு நாட்பட்டதாயின் அதன் வலிமை குன்றும். அப்போது செம்பு அயனிகள் மிகுதியாக எஞ்சி இலைகளைக் கருகச் செய்யும். இதனைக் கண்டறிய, எண்ணெய்ப் பசையும் துருவும் நீங்கத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்துவர். செந்நிறப் படிவு காணின் இன்னும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும்.

இதன் காரணத்தை மின்வேதி வரிசை விளக்குகிறது. திட்ட மின்முனை அழுத்தம் இரும்புக்கு −0.44 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட். குறைந்த அழுத்தமுடைய உலோகம் மிகுந்த அழுத்தமுடையதன் அயனிக்கு எலெக்ட்ரான்களை அளிக்கும். இங்கு வேறுபாடு 0.78 வோல்ட், எனவே இரும்பு கரையும், செம்பு படியும். போதிய சுண்ணாம்பு சேர்ந்தபின் எஞ்சும் செம்பு அயனிகள் மிகச் சொற்பமாதலின், கண்ணுக்குப் புலனாகும் படிவு உண்டாவதில்லை. மயில்துத்தத்தை இரும்பு வாளியிற் கரைக்கலாகாது, மண், மர, பிளாஸ்டிக் கலங்களே ஏற்றவை என்னும் விதியும் இதனின்று பெறப்படும். வாளி அரிக்கப்படுவதோடு, மருந்திலுள்ள செம்பும் அதன் சுவரிற் படிந்து வீணாகும்.

ஆயினும், வினை நிகழத்தக்கது என்பதையே இவ்வெண்கள் கூறும். அதன் வேகத்தைக் கூறா. அலுமினியத்தின் அழுத்தம் −1.66 வோல்ட், அது இரும்பினும் விரைந்து வினைபுரியும் என்று மாணவர் எதிர்பார்ப்பர். ஆனால் அலுமினியத் தகட்டை மயில்துத்தக் கரைசலில் இட்டால் நெடுநேரம் மாற்றமே தோன்றாது; அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம் தடுத்து நிற்கிறது. அக்கரைசலிற் சிறிது கறியுப்பைச் சேர்த்தால் குளோரைடு அயனிகள் அப்படலத்தைச் சிதைக்கும்; கரைசல் சூடேறி, செம்பு விரைந்து படியத் தொடங்கும். பள்ளிகளிற் குறைந்த செலவில் செய்து காட்டத்தக்க சோதனை இது.