நாப்கின் இருக்கு... மாத்த நேரம் இருக்கா? ஷிஃப்ட் வேலைக்குப் போற பெண்களுக்கான பீரியட்ஸ் கணக்கு!

மணிமங்கலத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறீர்களா? இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

காலை 6 மணி ஷிஃப்ட். 4.30-க்கே குளித்து, புது நாப்கின் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறீர்கள். 2 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வர 3 மணி. நடுவில் மாற்றவில்லையென்றால், ஒரே நாப்கின் பத்தரை மணி நேரம்!

டாக்டர்கள் சொல்வது, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 - 24 வயதுப் பெண்களில் சுமார் 98 சதவிகிதம் பேர் நாப்கின் போன்ற சுகாதாரமான முறைகளையே பயன்படுத்துகிறார்கள். 2012-ல் தொடங்கிய ‘புதுயுகம்’ திட்டத்தில் இலவச நாப்கின் வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஆக, நாப்கின் கையில் இருக்கிறது. மாற்றுவதில்தான் சிக்கல்.

‘எக்ஸ்.எல் தானே, தாங்கும்!’

ரத்தம் வெளியே கசியாமல் நாப்கின் தாங்கலாம், தோல் தாங்காது. ஈரம், வியர்வை, உரசல் மூன்றும் சேர்ந்தால் தொடை இடுக்கில் புண், அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரும். ரத்தப்போக்கு குறைவாக இருக்கும் நாளிலும் நேரம் பார்த்து மாற்றுங்கள். டீ பிரேக்கில் ஒன்று, கிளம்பும் முன் ஒன்று எனப் பழகிக்கொள்ளலாம். அதற்காக ஒரு சின்ன பவுச்சில் இரண்டு நாப்கின், பழைய பேப்பர், ஒரு உள்ளாடை போதும். பயன்படுத்தியதைப் பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

‘பாத்ரூம் கேக்கவே கூச்சமா இருக்கு...’

இதனாலேயே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நிறைய. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், வேலை நேரம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் போகும்படி அது இருக்க வேண்டும் என 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல. ‘லைன்ல ஆள் இல்ல, அப்புறம் போ’ என்றால், ‘ரிலீவர் அனுப்புங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று தைரியமாகச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமா? லைனில் இருக்கும் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள்.

வலிக்கு எந்த மாத்திரை?

பீரியட்ஸ் நேரத்தில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கர்ப்பப்பையைச் சுருக்குவதால்தான் அந்த வலி. இபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் போன்றவை அதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முக்கியமான விஷயம், பெயர் தெரியாத மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களிடம் பேசியது. அத்தனை பேருக்கும் பீரியட்ஸ் வலிக்கு வேலையிடத்தில் கொடுக்கப்பட்டது, பெயரோ காலாவதி தேதியோ இல்லாத மாத்திரை. அதனால் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். யார் கொடுத்தாலும், ‘அட்டையைக் காட்டுங்க’ என்று கேளுங்கள்.

எப்போது டாக்டர்?

* ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால்
* 7 நாளுக்கு மேல் நீடித்தால், பெரிய கட்டிகளாக வந்தால்
* மாத்திரை போட்டும் எழுந்திருக்க முடியாத வலி என்றால்
* மூன்று மாதமாக வரவில்லை என்றால்

படியேறினால் மூச்சு வாங்குகிறதா, லைனில் நிற்கும்போது தலை சுற்றுகிறதா? ரத்தசோகையாக இருக்கலாம். அதே ஆய்வில், தமிழ்நாட்டில் 15 - 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருந்தது. வார விடுமுறையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

அடுத்த பீரியட்ஸுக்கு முன் ஒரே ஒரு வேலை. காலை 9 மணிக்கு போனில் ஒரு ரிமைண்டர் வையுங்கள். போன் உள்ளே அனுமதி இல்லையா? டீ பிரேக் மணிதான் உங்கள் ரிமைண்டர்!