கேள்வி தவறினால் கணக்கும் தவறும்: உழவர் குழுவுக்கு ஏற்ற கைபேசிப் படிவம்

விதை எவ்வளவு வாங்குவது, உரம் எத்தனை மூட்டை இறக்குவது, நடவு இயந்திரத்தை எந்த வாரத்தில் வரவழைப்பது என்பவற்றை முடிவு செய்ய உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு உறுப்பினர்களின் கணக்கு தேவை. முன்பு வீடு வீடாகச் சென்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தோம். இப்பொழுது கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற இணையவழிப் படிவத்தைத் தயாரித்து, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டால் மாலைக்குள் விடைகள் வந்து சேர்ந்துவிடும். வேலை எளிதாகிவிட்டது. ஆனால் கேள்வி சரியாக அமையாவிட்டால், வேகமாக வந்து சேர்வது தவறான கணக்காகவே இருக்கும். நல்ல கேள்வியை அமைப்பதற்குச் சாட்பாட் எனப்படும் உரையாடும் மென்பொருளை எவ்வாறு துணையாகக் கொள்ளலாம் என்பதை இங்கே காண்போம்.

ஒரு சொல்லால் வரும் நட்டம்

குறுவைக்கு விதை வாங்க ஒரு குழு, "எவ்வளவு நிலத்தில் சாகுபடி செய்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டதாகக் கொள்வோம். உறுப்பினர் 60 பேர். அவர்களில் 20 பேர் 3 மா என்ற பொருளில் "3" என்று எழுதுகிறார்கள். காவிரிப் பாசனப் பகுதியில் 1 மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். எனவே 3 மா ஏறக்குறைய 1 ஏக்கரே. படிவத்தைத் தொகுப்பவரோ அதை 3 ஏக்கர் என்று எடுத்துக்கொள்கிறார்.

குறுகிய கால நெல் இரகத்திற்குச் சாதாரண நாற்றங்கால் முறையில் ஏக்கருக்கு 24 கிலோ விதை தேவை. அப்படியானால் ஒருவருக்கு 24 கிலோவுக்குப் பதில் 72 கிலோ கணக்கில் ஏறும். 20 பேருக்கும் சேர்த்து 960 கிலோ விதை மிகுதியாக வந்து இறங்கும். விதையை நாள்பட வைத்திருந்தால் முளைப்புத்திறன் குறையும். குழுவின் பணமும் முடங்கும். "எத்தனை மா? அல்லது எத்தனை ஏக்கர்?" என்று அளவைக் குறித்துக் கேட்டிருந்தால் இந்த நட்டம் வந்திராது.

சொல் மாறினால் விடை மாறும்

இவ்வுண்மை நெடுங்காலமாக அறியப்பட்டது. 1941-ஆம் ஆண்டில் டொனால்ட் ரக் என்பவர் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி எழுதினார். மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளை "அனுமதிக்க வேண்டுமா?" என்று கேட்டபொழுது 62 விழுக்காட்டினர் அனுமதிக்கக் கூடாது என்றனர். அதே செய்தியைத் "தடை செய்ய வேண்டுமா?" என்று கேட்டபொழுது தடை செய்யவேண்டும் என்றவர்கள் 46 விழுக்காட்டினரே. அனுமதிக்காததும் தடை செய்வதும் ஒன்றுதான். எனினும் சொல் மாறியதும் விடை மாறிற்று. நமது படிவத்திலும் இது நேரக்கூடும்.

சாட்பாட் என்பது என்ன?

நாம் எழுதுவதற்கு நம் மொழியிலேயே மறுமொழி தரும் மென்பொருளே சாட்பாட். 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி இவ்வகையில் பலரும் அறிந்தது. பிரதம மந்திரி கிசான் திட்டத்தைப் பற்றிய ஐயங்களுக்கு விடை கூற 2023 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த கிசான் இ-மித்ராவும் ஒரு சாட்பாட்தான். கேள்விகள் எழுதித் தரவும், எழுதிய கேள்வியில் குறை காணவும் சாட்ஜிபிடி போன்ற பொதுவான சாட்பாட்டைப் பயன்படுத்தலாம்.

படிவம் தயாரிக்கும் முறை

1. முடிவை முதலில் எழுதுக: இக்கணக்கைக் கொண்டு எந்த முடிவை எடுக்கப் போகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அம்முடிவுக்கு உதவாத கேள்வியை நீக்கிவிடுங்கள். கேள்வி பெருகினால் நிரப்புவோர் பாதியில் விட்டுவிடுவர்.

2. நிலைமையை விளக்கிக் கூறுக: "விதைத் தேவைக்கு ஒரு படிவம் கொடு" என்று மட்டும் கேட்டால், எந்த ஊருக்கும் பொருந்தாத பொதுவான படிவமே கிடைக்கும். பின்வருமாறு கேளுங்கள்:

"நாங்கள் காவிரிப் பாசனப் பகுதி உழவர் குழு. உறுப்பினர் 60 பேர். குறுவைக்கு எந்த நெல் இரகம் எத்தனை கிலோ வாங்குவது என்று முடிவு செய்யவேண்டும். நிலத்தைச் சிலர் மா என்றும் சிலர் ஏக்கர் என்றும் சொல்வார்கள். சிலர் திருந்திய நெல் சாகுபடி முறையில் நடுவார்கள். அதற்கு ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். வயதானவர்களும் கைபேசியில் நிரப்புவார்கள். எளிய தமிழில் 7 கேள்விக்கு மிகாமல் எழுதிக் கொடு."

3. குறை காணச் செய்க: கேள்விகள் கிடைத்தவுடன் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். "இவற்றில் எந்தக் கேள்வியை இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்ளக்கூடும்? காரணத்துடன் சொல்" என்று மீண்டும் கேளுங்கள். கீழ்க்கண்ட குறைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அ. இரட்டைக் கேள்வி: "விதையும் உரமும் தரமாக இருந்தனவா?" விதை நன்றாகவும் உரம் மட்டமாகவும் இருந்தால் என்ன விடை எழுதுவது? இதை இரண்டு கேள்வியாகப் பிரிக்கவேண்டும்.

ஆ. விடையை ஊட்டும் கேள்வி: "அதிக மகசூல் தரும் புதிய இரகத்தை வாங்க விருப்பமா?" என்றால் பலரும் ஆம் என்பர். "இந்தக் குறுவைக்கு எந்த இரகம் விதைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டு, ஆடுதுறை 37, ஆடுதுறை 43, கோ 51, வேறு இரகம், இன்னும் முடிவு செய்யவில்லை என விடைகளைத் தரலாம்.

இ. ஒன்றன்மேல் ஒன்று விழும் விடைகள்: "1 முதல் 2 ஏக்கர்", "2 முதல் 3 ஏக்கர்" எனப் பிரித்தால், சரியாக 2 ஏக்கர் வைத்திருப்பவர் எதைத் தொடுவார்?

ஈ. எடை தெரியாத மூட்டை: யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் சிப்பம் 40 கிலோ; களத்து மூட்டையோ இடத்திற்கு இடம் வேறுபடும். ஆகவே மூட்டை என்று கேட்டால் எத்தனை கிலோ மூட்டை என்பதையும் குறிப்பிடுவது அவசியம்.

உ. காலம் சொல்லாத கேள்வி: "சென்ற ஆண்டு" என்றால் ஒருவருக்கு ஜனவரி முதல் கணக்கு, மற்றவருக்கு ஆடி முதல் கணக்கு. "சென்ற சம்பாவில் நடவு முதல் அறுவடை வரை" என்று கேட்டால் ஐயம் எழாது.

சோதித்துப் பார்த்தல்

சாட்பாட்டையே ஓர் உறுப்பினராக நடிக்கச் சொல்லிப் படிவத்தை நிரப்பச் செய்யலாம். "நீ 2 மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர்; உனக்குச் சொந்த நிலம் இல்லை" என்று கூறிப் பாருங்கள். படிவத்தில் குத்தகை நிலத்திற்கு இடம் இல்லையென்றால் அது உடனே வெளிப்படும்.

எனினும் சாட்பாட் உங்கள் ஊரை அறியாது. உங்கள் வட்டாரத்தில் மா எத்தனை சென்ட், எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்பொழுது வரும் என்பவற்றைத் தெரிந்ததுபோல் தவறாகவும் கூறிவிடும். அதன் தமிழ் சில இடங்களில் பேச்சுக்கு ஒவ்வாமலும் இருக்கும். ஆகவே படிவத்தை எல்லோருக்கும் அனுப்புமுன் ஐந்து உறுப்பினர்களிடம் கொடுத்து, அருகில் இருந்து பாருங்கள். அவர்களுள் ஒருவர் குத்தகைதாரராகவும், ஒருவர் வயதானவராகவும், இருவர் பெண்களாகவும் இருப்பது நலம். எந்த இடத்தில் தயங்குகிறார்களோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள். கேள்வியை அவர்கள் சொல்லிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால், என்ன புரிந்துகொண்டார்கள் என்பது தெளிவாகும்.

கவனிக்க வேண்டியவை

உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றைச் சாட்பாட்டில் இடாதீர்கள். கேள்வியை அமைக்க அவை தேவையே இல்லை. வந்த விடைகளைக் கூட்டிப் பார்க்கச் சாட்பாட்டிடம் கொடுப்பதானால் பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள். கூட்டுத்தொகையை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். படிவத்தின் தலைப்பிலேயே, இவ்விவரம் எதற்காகக் கேட்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுதல் வேண்டும்.

வசதியான கைபேசி இல்லாத உறுப்பினர்களை மறந்துவிடக் கூடாது. அவர்களிடம் ஒருவரை அனுப்பி, அதே கேள்விகளை அதே சொற்களில் படித்துக் காட்டி நிரப்பச் செய்யவேண்டும். இல்லையேல் கைபேசி உள்ளவர்களின் தேவையே குழுவின் தேவையாகிவிடும். சிறிய நிலம் உடையவருக்கு விதைப்பு நேரத்தில் விதை கிடைக்காமற் போகும்.

அடுத்த பருவத்துக்கான கணக்கெடுப்புக்குமுன் குழுவில் இருவர் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். சாட்பாட்டின் துணையால் கேள்விகளை அமைத்து, ஐந்து உறுப்பினர்களிடம் சோதித்து, பிறகு அனுப்புங்கள். தேவையான விதை தேவையான அளவில் உரிய நாளில் வந்து சேர அது வழிசெய்யும்.