டார்ச் விளக்குக்கு விலாசம் எதற்கு?

அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு விநோதமான விவகாரம் முடிவுக்கு வந்தது. விவகாரத்தின் நாயகன் ஒரு டார்ச் விளக்கு. கடையில் விற்கும் டார்ச் அல்ல. ஆண்ட்ராய்டு ஃபோனில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற ஆப். கோடிக்கணக்கான தடவை இறக்கப்பட்ட ஆப் அது. இருட்டில் வெளிச்சம் காட்டுவது அதன் தொழில். ஆனால் ஃபோன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும், அந்த ஃபோனுக்கே உரிய அடையாள எண்ணையும் விளம்பரக் கம்பெனிகளுக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது என்று அந்நாட்டு மத்திய வாணிப ஆணையம் கண்டுபிடித்தது. 'சம்மதமா, மறுக்கிறீர்களா' என்று ஒரு கேள்வியும் திரையில் வரும். வேடிக்கை என்னவென்றால், உபயோகிப்பவர் பதில் சொல்லுமுன்பே தகவல் போக ஆரம்பித்துவிடும்!

டார்ச் விளக்குக்கு நம் விலாசம் எதற்கு? இந்த ஒரு கேள்வியை நம் ஃபோனில் உள்ள ஒவ்வொரு ஆப்பிடமும் கேட்டால் போதும், பாதி வேலை முடிந்தது என்பது என் அபிப்பிராயம்.

நான் டிப்ளமா படித்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனால் ரயில்வே சிக்னல் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்தவன். வண்டி எங்கே இருக்கிறது என்பதை வண்டியைப் பார்க்காமலே தெரிந்துகொள்வதுதான் எங்கள் பிழைப்பு. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடும். வண்டியின் சக்கரம் ஏறியதும் ரிலே விழும். கேபினில் விளக்கு சிவக்கும். இந்த 'டிராக் சர்க்யூட்' 1872லேயே வந்துவிட்ட சங்கதி. அதில் 'இந்தப் பகுதிக்குள் வண்டி இருக்கிறது' என்றுதான் தெரியும். எந்தக் கிலோமீட்டர் கல் அருகே என்று தெரியாது. இப்போது இஸ்ரோ உதவியோடு எஞ்சின்களில் பொருத்தியிருக்கும் கருவி 30 விநாடிக்கு ஒருமுறை எஞ்சின் நிற்கும் இடத்தையே சொல்லிவிடுகிறது.

உங்கள் சட்டைப்பையில் உள்ள ஃபோனும் இந்த இரண்டு விதத்திலும் வேலை செய்கிறது. செல் டவர் என்பது பழைய டிராக் சர்க்யூட் மாதிரி: இன்ன வட்டாரத்தில் இருக்கிறார் என்று சொல்லும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டுச் சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் கணக்கிடும். இரண்டுக்கும் நடுவே வைஃபை ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு வைஃபை பெட்டி தன் அடையாளத்தை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். எந்தப் பெட்டி எந்தத் தெருவில் என்ற பட்டியல் பெரிய கம்பெனிகளிடம் இருக்கிறது. அதனால்தான் கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ். எட்டாத இடத்தில்கூட வரைபடத்தில் நம் நீலப்புள்ளி சரியாக நிற்கிறது.

இந்த வைஃபை விஷயத்தில் நம் நாட்டுக் கதையே ஒன்று உண்டு. பெங்களூரில் வேர்விட்டு வளர்ந்த இன்மொபி என்ற விளம்பர நிறுவனம் 2016 ஜூனில் அதே அமெரிக்க ஆணையத்திடம் 9,50,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. லொக்கேஷனுக்கு அனுமதி கொடுத்தவர்களின் ஃபோன்களிலிருந்து, எந்த வைஃபை எங்கே என்ற வரைபடத்தைத் தயாரித்துக்கொண்டு, அனுமதி மறுத்தவர்களின் இடத்தையும் அவர்கள் பக்கத்தில் உள்ள வைஃபையை வைத்தே கண்டுபிடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வாசல் கதவைப் பூட்டினால் கொல்லைப்புறமாக வந்த கதைதான். பிறகு ஆண்ட்ராய்டு அந்தக் கொல்லைப்புறத்தையும் அடைத்தது. சுற்றுவட்டார வைஃபை பட்டியலைப் படிக்கவே இப்போது லொக்கேஷன் அனுமதி வேண்டும்.

அனுமதி என்றதும் எனக்கு 'லைன் கிளியர்' ஞாபகம் வருகிறது. நம் சங்கத்தில் பாதிப் பேர் ரயில்வே குடும்பம், ஆகையால் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர் கொடுத்தால்தான் வண்டி புறப்படலாம். அது ஒரு வண்டிக்கு, ஒரு தடவைக்கு. அடுத்த வண்டிக்குப் புதிதாகக் கேட்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு இந்த ஒழுங்குக்கு வந்து சேரப் பல வருடம் பிடித்தது. 2015க்கு முன்பு ஆப்பை இறக்கும்போதே அது கேட்டதெல்லாம் மொத்தமாகக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆப்பே கிடையாது. 2015ல் வந்த ஆறாம் பதிப்பில்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கும் முறை வந்தது. 2019ல் பத்தாம் பதிப்பில் 'ஆப்பை உபயோகிக்கும்போது மட்டும்' என்ற வசதி. 2020ல் பதினோராம் பதிப்பில் 'இந்த ஒரு தடவை மட்டும்'. அசல் லைன் கிளியர்! 2021ல் பன்னிரண்டாம் பதிப்பில் 'உத்தேச இடம் மட்டும்' என்று கொடுக்கலாம் என்றார்கள். அதாவது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறார் என்ற அளவுக்குத்தான் ஆப்புக்குத் தெரியும்.

இந்த உத்தேச இடம் நம்மவர்களுக்கு மிகவும் பொருந்தும். பஞ்சாங்க ஆப் லொக்கேஷன் கேட்கிறதே, அது நியாயமா என்று ஓர் அம்மாள் கேட்டார். நியாயம்தான். ராகு காலம் சூரிய உதயத்தை ஒட்டியது. நாகபுரியின் உதயம் வேறு, சென்னையின் உதயம் வேறு. ஆனால் ராகு காலம் கணிக்க ஊர் தெரிந்தால் போதுமே, நம் வீட்டு வாசற்படி எதற்கு? உத்தேச இடம் கொடுங்கள், அல்லது ஊர்ப் பெயரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றேன். 'வேர் இஸ் மை டிரெயின்' ஆப் விஷயம் வேறு. இன்டர்நெட் இல்லாத காட்டுப் பகுதியில்கூட செல் டவரை வைத்தே வண்டி எங்கே என்று சொல்கிற கெட்டிக்கார ஆப் அது. டவர் விவரத்தைப் படிக்க லொக்கேஷன் அனுமதி தேவை. பிரயாணத்தின்போது கொடுக்க வேண்டியதுதான். கால்குலேட்டரும் கோலப் புத்தகமும் கேட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

'நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, பென்ஷன்காரர்கள்தானே' என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பை அடக்கிய ஒரு சம்பவத்தை, சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகன் அவசரத்துக்கு ஒரு கடன் ஆப்பில் 8,000 ரூபாய் வாங்கினான், அப்பாவின் ஃபோனில். ஆப் கேட்டது: முகவரிப் பட்டியல், படங்கள், லொக்கேஷன். எல்லாவற்றுக்கும் 'சரி' அழுத்தினான். கையில் வந்தது 5,000க்குச் சற்று மேல். ஏழே நாளில் முழுத் தொகையையும் கட்டச் சொன்னார்கள். இரண்டு நாள் தாமதம். அவ்வளவுதான், அப்பாவின் ஃபோனில் இருந்த அத்தனை எண்களுக்கும் அவருடைய படத்தோடு 'இவன் திருடன்' என்று செய்தி போயிற்று. சங்கத்து உறுப்பினர்கள் பலருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. 'நீ இப்போது எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று தெரியும், ஆள் அனுப்பவா?' என்று ஃபோனிலும் மிரட்டினார்கள். கடன் வாங்காத அந்த மனிதர் பொங்கல் விழாவுக்கு வரவில்லை. ஆடிட்டோரியத்தில் நாற்காலி போடுவதிலிருந்து கணக்கு முடிப்பது வரை இருபது வருடமாக இருந்தவர். இப்போதுதான் மறுபடி தலை காட்டுகிறார்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே கடன் ஆப்கள் முகவரிப் பட்டியலையும் படங்களையும் கோப்புகளையும் தொடக்கூடாது என்று விதித்துவிட்டது. காமிரா, லொக்கேஷன் போன்றவற்றை அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரே ஒரு தடவை, சம்மதத்தோடு கேட்கலாம். 2023 மே மாத முடிவிலிருந்து கூகுளும் தன் கடையில் உள்ள கடன் ஆப்களுக்கு இதே மாதிரி தடை போட்டது. ஆனால் கடைக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் வரும் சுட்டியை அழுத்தி இறக்கும் ஆப்பை யார் தடுப்பது? அந்த வழியில் வருவது எதையும் இறக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

சட்டம் என்று வரும்போது ஒரு பெரியவரைச் சொல்லாமல் விட மனமில்லை. கர்நாடக உயர்நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசுவாமி, 2012ல், தமது 86ஆம் வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் நமது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023 ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் வெளியானது 2025 நவம்பரில். கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அமலாக அதற்குப் பின்னும் 18 மாதம் அவகாசம். எங்கள் டிவிஷனில் ஒரு லெவல் கிராசிங் கேட்டுக்கு அனுமதி வாங்கிய வேகம் நினைவுக்கு வருகிறது.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். செட்டிங்ஸில் 'லொக்கேஷன்' என்பதைத் திறந்து ஆப்களின் அனுமதிப் பட்டியலுக்குப் போங்கள். (கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் 'லொக்கேஷன்' என்று அடித்தால் வந்துவிடும்.) 'எல்லா நேரமும்' என்ற தலைப்பின் கீழ் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு அங்கே வேலையே இல்லை. 'உபயோகிக்கும்போது மட்டும்' என்று இறக்கிவிடுங்கள். டாக்ஸி ஆப்புக்கு அதுவே போதும். அதே லொக்கேஷன் பக்கத்தில் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு உண்டு. வைஃபையை அணைத்த பிறகும் ஃபோன் மோப்பம் பிடிப்பது இவற்றால்தான். அணைக்கலாம். விளம்பரப் பகுதியில் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதி இருக்கிறது. நீக்கினால் கேட்கும் ஆப்புக்கு வெறும் பூஜ்யங்கள் கிடைக்கும்.

கூகுளின் பாடு தனி. லொக்கேஷன் வரலாற்றை அணைத்தாலும் வேறொரு தலைப்பில் இடம் பதிவாகிறது என்று அசோசியேட்டட் பிரஸ் 2018ல் அம்பலப்படுத்தியது. 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்பது அந்தத் தலைப்பு. இந்த விவகாரத்தில் 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். ஆகவே கூகுள் கணக்கில் அந்த இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

இன்னொன்று: ஃபோனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்பினால் இடமும் கூடவே போகும். 'விற்பனைக்கு' என்று வீட்டு நகையைப் படமெடுத்து முன்பின் தெரியாதவருக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சந்நியாசம் வாங்கச் சொல்லவில்லை. ரயிலில் தனியாக வரும்போது புனேயில் உள்ள என் மகளுக்கு லொக்கேஷன் அனுப்பிவிட்டுத்தான் ஏறுகிறேன். எட்டு மணி நேரத்துக்கு என்று அளவு வைத்து. ஃபோன் வேலை செய்கிற வரை மொபைல் கம்பெனிக்கு நாம் எந்த டவரடியில் இருக்கிறோம் என்பது தெரிந்துதான் இருக்கும். அதை லொக்கேஷன் பொத்தானை அணைத்து மறைக்க முடியாது. மகளுக்குத் தெரியலாம், மொபைல் கம்பெனிக்குத் தெரிந்தே தீரும். டார்ச் விளக்குக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் சங்க நூலகத்தில் இருப்பேன். ஃபோனைச் சார்ஜ் செய்து எடுத்து வாருங்கள். கண்ணாடியை மறக்க வேண்டாம். பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாமல் நீங்களே போடுங்கள்.